ஏழாம் மாடியின் முழுப் பாதுகாப்பு

நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தைத் தினமும் ஏழாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர் லிப்ட்காரர்தான். ஆணையர் என்ன, அவருக்குக் கீழே இருக்கும் துணை ஆணையர்கள் என்ன, அவர்களுக்கும் கீழே ஃபைல் சுமக்கிறவர்கள் என்ன, அத்தனை பேரையும் காலையில் மேலே ஏற்றி, சாயங்காலம் பத்திரமாகக் கீழே இறக்கிவிடுவார். இந்தக் காலத்தில் லிப்ட்டுக்கு எதற்கு ஒரு ஆள் என்று கேட்கலாம். அந்த லிப்ட்டின் குணம் அப்படி. பட்டனை மெதுவாக அழுத்தினால் அதற்கு உறைக்காது. கொஞ்சம் பலமாக அழுத்திவிட்டாலோ, கோபித்துக்கொண்டு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடும். அதைத் தாஜா பண்ணுவதற்கென்றே அவருக்குக் காக்கிச் சட்டை தைத்துக் கொடுத்து ஒரு ஸ்டூலும் போட்டிருந்தார்கள்.

ஆணையத்தின் மேல் அவருக்குத் தனி பக்தி. லிப்ட்டுக்குள் ஆணையரின் படம் போட்ட போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. ‘உங்களை நோக்கி நீளும் கையை எங்கள் கை தடுக்கும்’ என்று அதில் எழுதியிருக்கும். தினமும் காலையில் லிப்ட்காரர் ஆணையருக்கு வணக்கம் சொல்வார். ஆணையர் அந்தப் போஸ்டரில் இருக்கும் தன் படத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைப்பார். அந்தத் தலையசைப்பைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு லிப்ட்காரர் வருஷக் கணக்காகச் சந்தோஷப்பட்டு வந்தார். பாவம், ஆள் அப்படி.

அவர் மனைவிக்கு முட்டி வலி. யாரோ சொன்னார்கள் என்று போனில் ஒரு கடையைத் திறந்து முட்டிக்குப் போடும் பட்டை ஒன்றைப் பார்த்தார். பார்க்கத்தான் பார்த்தார், வாங்கும் எண்ணமே இல்லை. ‘இன்னும் இரண்டே இரண்டுதான் மிச்சம்’ என்று சிவப்பு எழுத்து துடித்தது. பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. ‘இந்த நொடியில் நாற்பத்து மூன்று பேர் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று இன்னொரு வரி வந்தது. லிப்ட்காரர் திரும்பிப் பார்த்தார், வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. தன் மனைவியின் முட்டிக்கு முகம் தெரியாத நாற்பத்து மூன்று பேர் போட்டிக்கு நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

கீழே இரண்டு பொத்தான்கள். பெரிதாக, பச்சையாக ஒன்று: ‘ஆமாம், வாங்குகிறேன்.’ கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிறத்தில் இன்னொன்று: ‘வேண்டாம், என் மனைவி வலியில் கிடந்து துடிக்கட்டும்.’

எந்தப் புருஷன் இரண்டாவதை அழுத்துவான்?

பட்டை வந்தது. முழங்காலுக்கு ஏறவில்லை, முழங்கைக்குக் கச்சிதமாக இருந்தது. போனால் போகிறது என்று விட்டுவிட்டார். ஆனால் அந்தக் கடை அவரை விடவில்லை. ‘எங்கள் குடும்பத்தில் ஒருவராகிவிட்டீர்கள்’ என்று ஒரு செய்தி வந்தது. குடும்பத்தில் சேர்கிறாயா என்று கேட்டிருந்த இடத்தில் அவர்களே முன்கூட்டிச் சரி போட்டு வைத்திருந்தார்களாம். அன்றிலிருந்து போன் அடிக்க ஆரம்பித்தது. தண்ணீர் சுத்தமாக வருகிறதா, முடி கொட்டுகிறதா, மெத்தை முதுகைக் கடிக்கிறதா என்று குடும்பத்தினர் மாற்றி மாற்றி விசாரித்தார்கள். குடும்பத்தை விட்டு விலக ஒரு நம்பர் இருந்தது. அதைக் கூப்பிட்டால், எல்லாரும் வேலையாக இருக்கிறார்கள், காத்திருக்கும் நேரத்தில் ஒரு போர்வை வாங்கலாமே என்றது.

“நம்பரை மாத்திட்டுப் போங்களேன், இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கிட்டு” என்று கட்டடத்தில் எல்லாரும் சொன்னார்கள். லிப்ட்காரர் சிரித்து மழுப்புவார்.

அந்த நம்பரை மாற்ற முடியாது. அவர்களுக்கு ஒரே பையன். வீட்டுக்கு முதல்முதலாகப் போன் வாங்கியபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். “எங்கயாவது தொலைஞ்சு போனா, யாரையாவது பிடிச்சு இந்த நம்பரைச் சொல்லணும்” என்று அவன் அம்மா அதை அவனுக்கு வாய்ப்பாடு மாதிரி உருப்போட வைத்தாள். சின்ன வயதில் அவன் தொலையவில்லை. வளர்ந்து ஆளான பிறகு, வேலை விஷயமாக அப்பாவோடு வாய் தடித்து, “இனிமே என்னைத் தொந்தரவு பண்ணாதே” என்று அப்பா சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனான். தன் போனைக்கூட மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். மூன்று வருஷமாயிற்று. அவன் கையோடு எடுத்துக்கொண்டு போனது அந்த நம்பர் ஒன்றுதான் என்பது அவன் அம்மாவின் நம்பிக்கை.

அதனால் அவள் எந்த அழைப்பையும் விடுவதில்லை. தெரியாத நம்பராக இருந்தால் இன்னும் வேகமாக எடுப்பாள், அவன் யார் போனிலிருந்து கூப்பிடுவானோ யார் கண்டது? குழாயடியிலிருந்து ஈரக் கையோடு, அந்த முட்டியை இழுத்துக்கொண்டு ஓடி வந்து “ஹலோ” என்பாள். “வணக்கம் மேடம், உங்க முடி கொட்டுதா?” என்று கேட்கும். அந்த நேரத்தில் அவள் முகம் போகிற போக்கை லிப்ட்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலிருந்து பார்த்தார். அது ஒரே நாளில் பத்துத் தடவை நடந்தது. மறுநாளே லீவு போட்டார்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தன் லிப்ட்டிலேயே பயணியாக ஏறி ஏழாம் மாடியில் இறங்கினார். வரவேற்பில் இருந்த பெண் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“நேர்ல வந்து புகார் கொடுக்கிற வழக்கம் இல்லீங்க. வலைத்தளத்துல போடணும்.”

“நான்தான் நேர்லயே வந்துட்டேனேம்மா.”

“அதனாலென்ன, அந்தப் பெஞ்சுல உட்கார்ந்து போடுங்க.”

பெஞ்சில் உட்கார்ந்து, வந்த அழைப்புகளைக் காட்டுவதற்காக மனைவியிடம் கேட்டு வாங்கி வந்திருந்த வீட்டுப் போனைத் திறந்தார். ‘இன்றைய புகார்களில் இன்னும் மூன்றே இடம்தான் மிச்சம்’ என்று சிவப்பு எழுத்து துடித்தது. ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. ‘இந்த அதிகாரியை இப்போது பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்றது. லிப்ட்காரர் தலையைத் தூக்கி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவளை அவர் ஒருத்தர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இரண்டு பொத்தான்கள். ‘ஆமாம், என்னைக் காப்பாற்றுங்கள்’ என்று பச்சையில் ஒன்று. ‘வேண்டாம், நான் ஏமாளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்’ என்று சாம்பல் நிறத்தில் இன்னொன்று.

“இது அந்தக் கடைக்காரங்க பக்கம் மாதிரியே இருக்கேம்மா?”

அவள் முகம் மலர்ந்தது. “அவங்களுக்குச் செஞ்சு கொடுத்தவங்களேதான் எங்களுக்கும் செஞ்சாங்க. ஜனங்களை எப்படி அழுத்த வைக்கிறதுன்னு அவங்களுக்குத்தானே தெரியும்? போன வருஷம் புகாரே சரியா வரலீங்க. இப்ப பாருங்க, குவியுது.”

அழுத்தினார். ‘எங்கள் பாதுகாப்புக் குடும்பத்தில் ஒருவராகிவிட்டீர்கள்’ என்று வந்தது. அன்று சாயங்காலத்திலிருந்து ஆணையமும் வீட்டுக்குப் போன் செய்ய ஆரம்பித்தது. “வணக்கம். உங்களுக்குத் தொந்தரவான அழைப்புகள் வருகின்றனவா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்.” அதற்கும் அவர் மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு ஆறுதல் அதிகாரியிடமிருந்து அழைப்பு வந்தது. ஆமாம், ஆணையத்தில் அப்படி ஒரு பதவி உண்டு. அந்த அம்மாள் நாற்பது வயது மதிக்கலாம், நல்ல களையான முகம். அறையில் இரண்டு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் செடி, கண் துடைக்கக் காகிதம் வைத்த ஒரு பெட்டி.

“உட்காருங்கண்ணே. தண்ணி குடிங்க. சாதாரண நுகர்வோர்னா வரிசை ரொம்ப நீளம். பலவீனமான நுகர்வோர்னா உடனே பாதுகாப்பு. அதுக்குத்தான் இந்தப் பலவீனப் பரிசோதனை. உங்களுக்கு எங்க வலிக்கும், சொல்லுங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்காரிக்குத்தான் முட்டி வலி.”

“அந்த வலி இல்லண்ணே. எந்த இடத்துல தொட்டா நீங்க உடைஞ்சு போவீங்க? தனிமையா இருக்கலாம், சாவு பயமா இருக்கலாம், வழுக்கையாகூட இருக்கலாம். வெட்கப்படாதீங்க. நேத்து ஒருத்தர் வழுக்கைக்கு ஒரு மணி நேரம் அழுதாரு.”

லிப்ட்காரர் தன் தலையைத் தடவிப் பார்த்தார்.

“சரி, இப்படிக் கேக்கறேன். நம்பரை மாத்தினா எல்லாம் தீர்ந்தது. ஏன் மாத்த மாட்டேங்கறீங்க? அதைச் சொல்லாம நான் ஒரு அடி மேல போக முடியாதுண்ணே.”

அவர் யாரிடமும் சொன்னதில்லை. பையன் வெளியூரில் வேலை பார்க்கிறான் என்றுதான் கட்டடத்தில் சொல்லி வைத்திருந்தார். ஆனால் மூன்று வருஷத்தில் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டவர்கள் யாருமில்லை. மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். இடையில் மெதுவாக, “போன்ல எப்படிப் பேச்சை ஆரம்பிப்பான் தம்பி?” என்று கேட்டாள்.

“ஹலோல்லாம் சொல்ல மாட்டாம்மா. ‘ம்மோவ், என்ன பண்றே?’ன்னுதான் ஆரம்பிப்பான்.”

ஆறுதல் அதிகாரி காகிதம் எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிஜமான கண்ணீர்தான். “இது நமக்குள்ளயே இருக்கும்ணே” என்றாள்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், “நல்ல பொண்ணு. கூடப் பிறந்தவ மாதிரி கேட்டா” என்றார். அவளுக்கும் மனசு லேசாயிற்று.

அடுத்தது சமரச அமர்வு. நீள மேஜையின் ஒரு பக்கம் லிப்ட்காரர், எதிர்ப்பக்கம் அந்தக் கடையை நடத்தும் கம்பெனிக்காரர். சின்ன வயது, ஒட்ட வெட்டிய தாடி, கைகுலுக்கும்போதே நம் நலத்தைப் பற்றிக் கவலைப்படும் முகம். நடுவில் ஆறுதல் அதிகாரி உட்கார்ந்து, பலவீனப் பரிசோதனையில் தெரிந்ததையெல்லாம் ஒன்று விடாமல் கம்பெனிக்காரருக்கு எடுத்துச் சொன்னாள். பையன் போனது, நம்பரை உருப்போட்டது, அம்மா ஈரக் கையோடு ஓடி வருவது, ‘ம்மோவ்’ வரைக்கும்.

லிப்ட்காரர் பாதியில் எழுந்துவிட்டார். “அம்மா, நமக்குள்ளயே இருக்கும்னீங்களே?”

“நமக்குள்ளதாண்ணே இருக்கு. இந்த ரூமை விட்டு வெளிய போகாது. எந்த இடம் பலவீனம்னு தெரிஞ்சாத்தானே கம்பெனி அங்க கை படாம பார்த்துக்கும்? கண்ணாடிச் சாமான் இருக்குன்னு சொல்லாம மூட்டையைக் கொடுத்தா தூக்கறவன் என்ன பண்ணுவான்?”

அது நியாயமாகத்தான் பட்டது. அவர் உட்கார்ந்தார்.

“ரொம்ப மனசைத் தொட்டுடுச்சு சார்” என்றார் கம்பெனிக்காரர். “எங்க பசங்க தவறிப்போய்க்கூட அந்த வார்த்தையைச் சொல்லிடக் கூடாது. சரியா எப்படின்னு தெரிஞ்சுக்கலாமா? ‘ம்மோவ்’ல கடைசியில இழுப்பாரா?”

“இல்லைங்க. நீங்க சொல்றது தட்டையா இருக்கு. முன்னாடி கொஞ்சம் அழுத்தி, கடைசியில மேல தூக்குவான்.” ஜாக்கிரதைக்காகத்தானே கேட்கிறார்கள் என்று, லிப்ட்காரர் இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். கம்பெனிக்காரர் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. மூன்றாம் தடவை வந்தது. லிப்ட்காரருக்கே ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது.

ஒரு வாரம் போன் அடிக்கவில்லை. “உங்க ஆபீஸ்காரங்க கெட்டிக்காரங்கதான்” என்றாள் மனைவி.

அதற்கு அடுத்த வாரம், அவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மனைவி தரையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. ஆனால் சிரித்தாள்.

“என்னங்க, அவன் கூப்பிட்டான்.”

லிப்ட்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“‘ம்மோவ், என்ன பண்றே?’ன்னான். எனக்கு வாயே வரல. குரல் கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு. எங்கடா இருக்கேன்னு கேட்டேன், அப்புறம் சொல்றேன்னான். சாப்பிட்டியான்னு கேட்டான். உன் முட்டி எப்படிம்மா இருக்குன்னு கேட்டான்ங்க! அவன் போறப்ப எனக்கு முட்டி வலியே இல்ல. இருந்தும் எப்படியோ தெரிஞ்சு வச்சிருக்கான் பாருங்க. ஒரு எண்ணெய் அனுப்பறேன், வேணாம்னு சொல்லாதேன்னான். இன்னும் ரெண்டே ரெண்டு பாட்டில்தான் இருக்காம். பத்து நிமிஷத்துக்குள்ள சரின்னு சொல்லணுமாம். நான் சரின்னுட்டேன்.”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். லிப்ட்காரர் அந்த இரண்டே இரண்டு பாட்டிலோடு நின்றுவிட்டார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. அவள் அப்படிச் சிரித்து மூன்று வருஷமாகியிருந்தது. ஆனால் எண்ணெய் வரும், அதற்குப் பின்னால் இன்னொரு அழைப்பு வரும், அதற்கும் அவள் சரி என்பாள். பேசியது கடைக்காரர்கள் என்று சொல்லிவிட்டார்.

அவள் போனை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு, “அவன் ம்மோவ்னு கூப்பிடறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள்.

“நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.”

அவள் திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய் ஒவ்வொரு விளக்காக அணைத்தாள். ஆனால் மறுநாள் காலையில் போன் அடித்தபோது, ஈரக் கையோடு ஓடத்தான் ஓடினாள். “எடுக்காதே, அவங்கதான்” என்றார் அவர். “இந்தத் தடவை நிஜமா அவனா இருந்தா?” என்றாள்.

அன்று லிப்ட்காரர் காக்கிச் சட்டையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் ஆறுதல் அதிகாரியும் கம்பெனிக்காரரும் சேர்ந்து வந்து ஏறினார்கள். “ஏழு” என்றாள் அந்த அம்மாள், அவர் பக்கம் திரும்பாமலே. காக்கிச் சட்டைக்குள் இருக்கிறவனை யார் பார்ப்பார்கள்?

“உங்க முட்டிப்பட்டைக்காரர் இருக்காரே மேடம், தங்கம்” என்றார் கம்பெனிக்காரர். “அந்த ம்மோவை எங்க பசங்க மொத்தப் பேரும் கத்துக்கிட்டாங்க. மத்த வீடுகள்லயும் போட்டுப் பார்த்தோம், பிள்ளை ஓடிப்போன வீடு எவ்வளவு இருக்குங்கறீங்க! எங்க பசங்கள்ல ஒருத்தன் பேசி முடிச்சிட்டு அழுதே அழுதுட்டான்.”

“எனக்கும் அன்னிக்குக் கண்ணு கலங்கிடுச்சு” என்றாள் ஆறுதல் அதிகாரி. “நிஜமா. இந்த வருஷப் பரிசோதனையிலயே அதுதான் ரொம்ப ஆழமானது. அறிக்கையில தனியா குறிப்பிட்டிருக்கேன்.”

லிப்ட்காரரின் கட்டைவிரல் பட்டனைக் குத்தியது. லிப்ட் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

“என்னப்பா ஆச்சு?” என்றாள் அவள்.

அவர் திரும்பினார். “கூடப் பிறந்தவ மாதிரின்னு வீட்டுல சொன்னேம்மா” என்றார். வேறு எவ்வளவோ கேட்க நினைத்தார். வாயில் அதுதான் வந்தது.

அவள் உற்றுப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததும் அவள் முகத்தில் வெட்கமோ பயமோ வரவில்லை, உண்மையான சந்தோஷம்தான் வந்தது. “அட, அண்ணே! நீங்களா! யூனிஃபார்ம்ல அடையாளமே தெரியல. கூப்பிட்டாங்களா? ஐயோ பாவம், அண்ணி உடைஞ்சு போயிருப்பாங்களே. அப்படின்னா நீங்க உடனே ஆணையர்கிட்ட மேல்முறையீடு போடணும்ணே. நானே எழுதித் தர்றேன்.”

கம்பெனிக்காரரும் மனசாரக் கைகுலுக்கினார்.

ஆணையரின் விசாரணைக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது. ஆணையர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

“முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஆணையம் யார் பக்கமும் சாயாது. விக்கிறவரும் நமக்கு ஒண்ணுதான், வாங்கறவரும் நமக்கு ஒண்ணுதான். விக்கிறவர் நமக்கு நாற்காலி கொடுக்கறார், ஆண்டு விழா நடத்திக் கொடுக்கறார், இந்த மைக்கும் அவர் கொடுத்ததுதான். வாங்கறவர் நமக்குப் புகார் கொடுக்கறார். ரெண்டுல எது குறைஞ்சாலும் ஆணையத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.”

கைதட்டினார்கள்.

“மகன் மாதிரி பேசினாங்கன்னு இவர் சொல்றார். ‘நான் உன் மகன்’னு யாராவது சொன்னாங்களா? இல்லை. பேர் சொன்னாங்களா? இல்லை. அம்மான்னு கூப்பிட்டாங்க. வயசுல பெரியவங்களை அம்மான்னு கூப்பிடறது மரியாதை. அந்த மரியாதைக்குத் தடை போட்டா நாளைக்கு இந்தச் சமுதாயம் என்ன ஆகும்? முட்டி வலியை விசாரிச்சிருக்காங்க. பெத்த பிள்ளை விசாரிச்சானா? மூணு வருஷமா அந்தத் தாய் கேக்காத ஒரு வார்த்தையை, ஒரு கம்பெனி தன் சொந்தச் செலவுல கேக்க வச்சிருக்கு. சட்டத்துல இதைக் குத்தம்னு சொல்ல இடமே இல்லை. எனக்குக்கூட, வீட்டுல, என் பிள்ளைங்க...” என்று ஆணையர் ஏதோ சொல்லப்போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இருக்கட்டும்.”

லிப்ட்காரர் எழுந்து நின்றார். “எனக்குச் சட்டமெல்லாம் தெரியாதுங்க. அந்தக் கால் வரக் கூடாது. அவ்வளவுதான்.”

ஆணையர் கருணையோடு பார்த்தார். லிப்ட்காரரின் முகத்தை அவர் முதல்தடவையாகப் பார்த்தது அப்போதுதான்.

“கடைசியா ஒண்ணு கேட்டீங்களே, அதுக்குத்தான் இந்த ஆணையம் இருக்கு. இவரோட நம்பருக்கு இந்த நிமிஷத்துலேருந்து முழுப் பாதுகாப்பு வழங்கறேன். இனிமே எந்தத் தொந்தரவும் இவர் வீட்டு வாசலைத் தாண்டாது.”

கூடம் அதிர்ந்தது. லிப்ட்காரருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். ‘முழுப் பாதுகாப்பு பெற்ற முதல் நுகர்வோர்’ என்று ஆணையரோடு நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். இரண்டே நாளில் லிப்ட்டில் புதுப் போஸ்டர் வந்தது. அதில் ஆணையருக்குப் பக்கத்தில், சால்வையோடு, எதையோ கேட்க வாயைத் திறந்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார்.

போன் அடிக்கவில்லை. ஒருநாள், இரண்டு நாள் மனைவிக்கு நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் போனைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தாள். சார்ஜ் இருந்தது, சத்தம் திறந்துதான் இருந்தது. “ராங் நம்பர்கூட வரலீங்க. எதிர் வீட்டு அக்கா கூப்பிட்டேன்னு சொல்றாங்க, இங்க அடிக்கவே இல்ல” என்றாள்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போனதும் வாட்ச்மேன் அறையிலிருந்து வீட்டுக்குப் போட்டுப் பார்த்தார். மணி அடிக்கவில்லை. இனிமையான ஒரு பெண் குரல் பேசியது: “நீங்கள் அழைக்கும் நுகர்வோர் முழுப் பாதுகாப்பில் இருக்கிறார். ஆணையத்தில் பதிவு பெற்ற விற்பனையாளர் என்றால் ஒன்றை அழுத்தவும். மற்றவர்கள் தயவுசெய்து இவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.”

இரண்டாம் தடவை போட்டார். அதேதான் சொன்னது. அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். எதிர் வீட்டில் போனை வாங்கி மனைவி காதில் வைத்தார். அவள் கடைசி வரை கேட்டாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இந்த நாலு நாள்ல அவன் கூப்பிட்டிருந்தா, அவனுக்கும் இதையேதான் சொல்லியிருக்குமா?” என்றாள். “தொந்தரவு பண்ணாதேன்னு?”

லிப்ட்காரர் உடனே கிளம்பினார். வெள்ளைச் சட்டை மாற்றிக்கொள்ளவும் இல்லை, காக்கியோடேயே ஏழாம் மாடிக்குப் போனார். லிப்ட்டில் அவருடைய படம் ஆணையரோடு நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் கதவைப் பார்த்துக்கொண்டே ஏறினார்.

ஆறுதல் அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் ஊற்றினாள். அவர் இரண்டையும் தொடவில்லை.

“அதை எடுத்துடுங்கம்மா. பழையபடி எல்லாக் காலும் வரட்டும். முடி கொட்டுதான்னு கேக்கட்டும், ம்மோவ்னுகூடக் கூப்பிடட்டும். நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். எடுத்துடுங்க.”

“ஒருதடவை கொடுத்த பாதுகாப்பைத் திருப்பி எடுக்கறதுக்குச் சட்டத்துல வழி இல்லண்ணே. எடுத்துட்டா நீங்க பலவீனமாயிடுவீங்களே?”

“அப்ப என் பையன் எப்படிம்மா எங்களைக் கூப்பிடுவான்?”

காகிதப் பெட்டியைத் தேடி எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். அவருக்கு எப்படியாவது உதவ வேண்டும் என்று அவள் நிஜமாகவே நினைத்தாள். கொஞ்ச நேரம் யோசித்தவள், சட்டென்று முகம் தெளிந்து கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“வழி இருக்குண்ணே. தம்பியைப் பதிவு பண்ணிடலாம். ரொம்பச் சுலபம், நானே பண்ணித் தர்றேன்” என்று விரல்களைப் பலகை மேல் வைத்துக்கொண்டு, அவரை அன்போடு பார்த்துக் கேட்டாள்:

“சொல்லுங்க, உங்க பையன் என்ன விக்கிறாரு?”